வழிக்குறிப்பில் பிறந்த ‘ஏ’ ரயில்: நிழலில் நின்ற பில்லி ஸ்ட்ரேஹார்ன்

ஜாஸ் ரசிகர்களில் ‘டேக் த ஏ டிரெய்ன்’ பாடலைக் கேட்காதவர்கள் அரிது. டியூக் எல்லிங்டன் இசைக்குழுவின் அடையாளப் பாடல் என்பதால் அதை எழுதியவரும் அவர்தான் என்று பலர் இன்னமும் எண்ணுகின்றனர். உண்மையில் அதைப் படைத்தவர் பில்லி ஸ்ட்ரேஹார்ன்.

1915 நவம்பர் 29ஆம் தேதி ஒஹாயோ மாநிலம் டேட்டனில் பிறந்த அவர், பிட்ஸ்பர்க்கில் வளர்ந்தார். மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே பியானோ பயின்றார். மேற்கத்திய செவ்விசையில்தான் முதல் நாட்டம். ஆனால், கறுப்பின இளைஞருக்கு அந்த மேடைகள் அன்று எளிதில் திறக்கவில்லை. இரவு விடுதிகளில் மனமுடைந்து திரிபவரின் களைப்பைச் சொல்லும் ‘லஷ் லைஃப்’ பாடலைப் பதின்ம வயதிலேயே எழுதத் தொடங்கிவிட்டார். அந்த வயதில் அவ்வளவு முதிர்ச்சி எங்கிருந்து வந்ததோ!

1938 டிசம்பரில் பிட்ஸ்பர்க் வந்த எல்லிங்டனைச் சந்தித்தார். எல்லிங்டனின் பாடல் ஒன்றை முதலில் அவர் வாசிக்கும் விதத்திலும், பிறகு தமது பாணியிலும் வாசித்துக் காட்டினார். நியூயார்க் வரும்படி அழைப்பு கிடைத்தது. ஹார்லமில் உள்ள வீட்டுக்கு எந்த ரயிலில் வரவேண்டும் என்று எல்லிங்டன் சொன்ன வழிக்குறிப்பே பாடலானது.

ஆனால், பழைய பாணியில் இருப்பதாகக் கருதி ஸ்ட்ரேஹார்ன் அதைக் குப்பையில் போட்டுவிட்டாராம். அதை மீட்டெடுத்ததாக எல்லிங்டனின் மகன் மெர்சர் பின்னாளில் கூறினார். 1941இல் கட்டணத் தகராறால் ஆஸ்காப் சங்க உறுப்பினர்களின் பாடல்களை அமெரிக்காவின் பெரிய வானொலி நிறுவனங்கள் ஒலிபரப்பவில்லை. எல்லிங்டன் அதன் உறுப்பினர். இளைஞர்கள் இருவரும் உறுப்பினர் அல்லர். எனவே, குழுவுக்கு அவசரமாகப் புதிய பாடல்கள் எழுதும் பொறுப்பு அவர்களிடம் வந்தது. பிப்ரவரி 15ஆம் தேதி ‘ஏ டிரெய்ன்’ பதிவானது.

அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு இருவரும் சேர்ந்தே உழைத்தனர். எது யாருடைய வரி என்று பிரித்தறிவது குழுவினருக்கே கடினம். கைத்தட்டல் மட்டும் பெரும்பாலும் எல்லிங்டனுக்கே போனது. அது ஸ்ட்ரேஹார்னை வருத்தியது. 1950களின் தொடக்கத்தில் சில காலம் விலகியும் இருந்தார். ஓரினச் சேர்க்கையாளர் என்பதை அவர் மறைக்கவில்லை. அக்காலத்தில் அப்படி வாழ்வதற்கு, மேடை வெளிச்சத்திலிருந்து ஒதுங்கி நிற்பதே வசதியாக இருந்தது என்பர் ஆய்வாளர்கள்.

1963இல் இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகளுக்குக் குழுவுடன் பயணம் செய்தார். அந்த அனுபவத்தில் விளைந்ததே ‘ஃபார் ஈஸ்ட் சூட்’.

உணவுக்குழாய்ப் புற்றுநோயால் 1967 மே 31ஆம் தேதி, 51 வயதில் காலமானார். மருத்துவமனையில் எழுதி முடித்த ‘பிளட் கவுண்ட்’ அவரது கடைசிப் படைப்பு.

அவர் நினைவாக அதே ஆண்டு எல்லிங்டன் ஓர் இசைத்தட்டுப் பதிவு செய்தார். வேலை முடிந்து கலைஞர்கள் கருவிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது, எல்லிங்டன் மட்டும் பியானோவில் அமர்ந்து ஸ்ட்ரேஹார்னின் ‘லோட்டஸ் பிளாஸம்’ வாசிக்கத் தொடங்கினார். பின்னணியில் பேச்சுக்குரல்கள் மெல்ல அடங்குவது அந்தப் பதிவில் இன்றும் கேட்கிறது.