ஆட்கொல்லிகளைத் தேடிப்போன கென்னத் ஆண்டர்சன்... கையில் இருந்த துப்பாக்கியில் அப்படி என்ன ஸ்பெஷல்?

ஜிம் கார்பெட்டைத் தெரிந்த அளவுக்கு நம்ம ஊரில் கென்னத் ஆண்டர்சனைத் தெரியாது. இத்தனைக்கும் கார்பெட் சுற்றியது இமயமலை அடிவாரத்தில். ஆண்டர்சன் நடந்த காடுகளோ நமக்குப் பக்கத்திலேயே இருக்கு. ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம், ஏலகிரி!

யார் இந்த ஆண்டர்சன்?

1910-ல் ஹைதராபாத் பக்கம் பொலாரத்தில் பிறந்தவர். ஸ்காட்லாந்து வம்சாவளி என்றாலும், பல தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்த குடும்பம். பெங்களூரில் படிப்பு. சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள்; பிடிக்காமல் பாதியிலேயே திரும்பி வந்துட்டார். அப்புறம் தபால் தந்தித் துறையில் வேலை, அதன்பிறகு பெங்களூரு விமானத் தொழிற்சாலையில் வேலை. அதாவது வேட்டை அவருக்குப் பிழைப்பு இல்லை. மாசச் சம்பளக்காரர்தான்.

1939 முதல் 1966 வரையிலான அரசுப் பதிவுகளின்படி ஆட்கொல்லிச் சிறுத்தைகள் 8, ஆட்கொல்லிப் புலிகள் 7 இவர் கையால் விழுந்தன. ஜவளகிரி புலியை ஆண் புலி போலக் குரல் கொடுத்து வரவழைத்த கதை ரொம்பப் பிரபலம். காட்டை இவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் பைரா என்ற பூசாரி முக்கியமானவர். தன் புத்தகங்களில் திரும்பத் திரும்ப அவரைப் பற்றி நன்றியோடு எழுதியிருக்கிறார்.

ஆண்டர்சன் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல். லீவர் ஆக்‌ஷன் ரகம். ஹாலிவுட் கௌபாய் படங்களில் பார்த்திருப்பீங்க. விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், காலித் தோட்டா வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறும். ஆனால் கௌபாய் துப்பாக்கிக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. விஷயமே அங்கேதான்.

செஞ்சிக் கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கைப் பார்த்திருப்பீங்க. அந்தக் காலத்தில் மருந்து தனி, குண்டு தனி, நெருப்பு தனி. சுடும் நேரத்தில்தான் மூன்றும் சேரும். 19-ம் நூற்றாண்டில் வந்த பித்தளைத் தோட்டா, மூன்றையும் ஒரே உறைக்குள் அடைத்துவிட்டது. அதன் பின்பக்கம் நடுவில் இருக்கும் சின்ன வட்டம்தான் பிரைமர். தீபாவளி பொட்டு வெடி மாதிரி, ஓங்கித் தட்டினால் பற்றிக்கொள்ளும்.

கௌபாய் துப்பாக்கியில் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கும். தோட்டாக்கள் அதற்குள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பின்னால் நிற்கும் தோட்டாவின் முனை, முன்னால் நிற்பதன் பிரைமரில் நேராக முட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி தோளில் உதைக்கும். உள்ளே வரிசை முழுக்கக் குலுங்கும். முனை கூர்மையாக இருந்தால்? அதுவே ஆணி மாதிரி பிரைமரைக் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடிக்க வைத்துவிடலாம். சுடுபவரின் இடது கை இருப்பது சரியாக அந்த இடத்தில்!

அதனால்தான் குழாய் வைத்த துப்பாக்கிக்குத் தட்டை முனை அல்லது மொட்டை முனைத் தோட்டா மட்டும் என்பது அடிப்படை விதி. விசை தெரியாமல் அழுந்திவிடாதபடி விரலை வெளியே வைத்து, துப்பாக்கி வாயை ஆளில்லாத பக்கம் காட்டித்தான் நிரப்பணும். குழாயின் முன்பக்க வாய் வழியாக நிரப்பும் ரகமாக இருந்தால், செங்குத்தாக நிறுத்தித் தோட்டாவைப் பொத்தென்று போடக்கூடாது; சாய்த்துப் பிடித்து வழுக்கிவிடணும். பிரைமர் கொஞ்சம் வெளியே துருத்தியிருந்தால்கூட அந்தத் தோட்டா வேண்டாம்.

பிரான்ஸ் ராணுவமே இதில் மாட்டியது. அவர்களுடைய லெபெல் துப்பாக்கி குழாய் ரகம். 1898-ல் கூர்முனைக் குண்டுக்கு மாறியபோது, முனை பிரைமரில் படாமல் இருக்கத் தோட்டாவின் அடியில் வட்டமாகப் பள்ளம் வெட்டினார்கள்.

அமெரிக்காவின் ஜான் பிரவுனிங் வேறு வழி பிடித்தார். குழாயையே தூக்கிவிட்டு, லீவருக்கு முன்னால் ஒரு பெட்டி. தோட்டாக்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்படும். முனை பிரைமரைப் பார்க்கவே பார்க்காது. அதுதான் 1895 மாடல். அமெரிக்க அதிபராக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்கா கொண்டுபோனதும், ஆண்டர்சன் நம்ம காட்டில் சுமந்ததும் இதே மாடல்தான். ராத்திரி பரண்மேல் டார்ச்சோடு உட்கார்ந்திருப்பவருக்குப் புலி ஒரு பயம் போதும். துப்பாக்கி இன்னொரு பயமாக இருக்கக் கூடாது இல்லையா?

இன்னொரு விஷயம். புலி ஏன் ஆளைத் தின்ன ஆரம்பிக்குது? ஆண்டர்சன் எழுதியதில் அடிக்கடி வரும் காரணங்களில் ஒன்று, பழைய துப்பாக்கிக் காயம். கள்ள வேட்டைக்காரர்கள் நாட்டுத் துப்பாக்கியில் கைக்குக் கிடைத்த ரவையைப் போட்டு, மருந்தைக் குத்துமதிப்பாக இடித்துச் சுடுவார்கள். விலங்கு சாகாது, நொண்டியாகும். மானை விரட்ட முடியாமல் போனபின் மாடு மேய்ப்பவர்கள் பக்கம் திரும்பும். யாரோ அரைகுறையாக நிரப்பிய துப்பாக்கிக்கு விலை கொடுத்தது மலையடிவாரக் கிராமங்கள்.

கடைசிக் காலத்தில் ஆண்டர்சனுக்குத் துப்பாக்கியைவிட கேமரா மேல் பிரியம் கூடிவிட்டது. காடு அழிவதைப் பற்றி வருத்தத்தோடு எழுதினார். 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1974 ஆகஸ்டில், பெங்களூரில் புற்றுநோயால் இறந்தார். வயது 64.