சேலம் இரும்பு... பரங்கிப்பேட்டை உலை... ஷெஃபீல்டில் வழக்கு! யார் இந்த ஜோசையா ஹீத்?

கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டை என்றதும் மீனும் கடற்கரையும்தான் நினைவுக்கு வரும். ஆனா, சுமார் 200 வருஷத்துக்கு முன்னாடி, வெள்ளாறு கடலில் கலக்கும் இந்த ஊரில் ஐரோப்பிய முறையில் ஒரு பெரிய இரும்பு ஆலை இயங்கியது. அதைத் தொடங்கியவர் ஜோசையா மார்ஷல் ஹீத்.

யார் இவர்?

ஹீத், கிழக்கிந்திய கம்பெனியின் மெட்ராஸ் அதிகாரி. சேலம் பகுதியில் வேலை பார்த்தபோது உள்ளூர்க் கொல்லர்களின் தொழில் அவரை இழுத்தது. சின்ன மண் உலையில் இரும்பு எடுப்பார்கள். அந்த இரும்புத் துண்டை ஆவாரங்கட்டையோடு மண் குகையில் வைத்து, மேலே பச்சை எருக்க இலை போட்டு, வாயை மூடிச் சூடேற்றினால் தரமான எஃகு கிடைக்கும். இதை ஹீத் உன்னிப்பாகக் கவனித்து, பின்னாளில் லண்டனில் கட்டுரையாகவே எழுதினார்.

ஏன் பரங்கிப்பேட்டை?

கம்பெனி வேலையை விட்டார் ஹீத். அரசிடம் கடனும் சலுகைகளும் வாங்கி, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் ஆலையைத் தொடங்கினார். கணக்கு சிம்பிள். சேலத்தில் நல்ல இரும்புத் தாது இருக்கு. அதைப் பரிசலில் ஏற்றி ஆற்று வழியாகக் கொண்டு வரலாம். உருக்கிய இரும்பைக் கடற்கரையிலிருந்தே இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற்றலாம். பிறகு மலபார் கரையில் பேப்பூரிலும் ஓர் ஆலை வந்தது.

எங்கே சறுக்கியது?

இரும்பின் தரத்தில் குறையில்லை. ஷெஃபீல்டு எஃகு வியாபாரிகளே அதை வாங்கினார்கள். அடி விழுந்தது எரிபொருளில். இங்கிலாந்து உலைகளுக்கு நிலக்கரி இருந்தது. இங்கே எல்லாமே மரக்கரி. உலை பெருசானால் காடும் பெருசா வேணும். பக்கத்துக் காடு தீரத் தீர, கரி தூரத்திலிருந்து வர வேண்டியதாயிற்று. செலவு ஏறியது, கடனும் ஏறியது.

மாங்கனீசு ரகசியம்

இங்கிலாந்து திரும்பிய ஹீத், 1839-ல் ஒரு காப்புரிமை பெற்றார். எஃகு உருக்கும்போது மாங்கனீசும் கரியும் சேர்ந்த ஒரு பொருளைக் கொஞ்சமாகப் போட்டால் போதும். விலை குறைந்த இரும்பிலிருந்தே நல்ல எஃகு வரும். அந்த எஃகை இரும்போடு ஒட்டவைத்து அடிக்கவும் முடியும். கத்தி செய்யும் ஷெஃபீல்டுக்கு இது ஜாக்பாட்!

ஒரு வார்த்தை... ஒரு வாழ்க்கை

ஆனா, காப்புரிமையில் ஒரு ஓட்டை. மாங்கனீசையும் கரியையும் முன்கூட்டியே சேர்த்துத் தயாரித்த பொருள் என்று அதில் எழுதியிருந்தார். அவருக்கு ஏஜெண்டாக இருந்த அன்வின் என்பவரே, இரண்டையும் தனித்தனியாக குகைக்குள் போட ஆரம்பித்தார். உள்ளே சூட்டில் நடப்பது கிட்டத்தட்ட அதே வேலைதான். ஆனா காகிதத்தில் அது வேறு முறை! மற்ற ஆலைகளும் காசு கொடுக்காமல் இதையே பின்பற்றின.

ஹீத் வழக்கு போட்டார். கோர்ட் கோர்ட்டாக இழுத்தது. தீர்ப்பு வருவதற்குள், 1851-ல் கையில் காசில்லாமலே இறந்துபோனார். வழக்கை அவர் மனைவி தொடர்ந்தார். 1855-ல் பிரபுக்கள் சபையின் கடைசித் தீர்ப்பும் எதிராகவே வந்தது.

பரங்கிப்பேட்டை என்னாச்சு?

ஹீத்துக்குப் பிறகு புதிய கம்பெனி ஒன்று ஆலைகளை எடுத்து நடத்தியது. காவிரிக்கரை பூலாம்பட்டியிலும் உலை வைத்துப் பார்த்தார்கள். மரக்கரிச் சிக்கல் தீரவில்லை. 1870களுக்குள் எல்லாம் முடிந்துபோனது. இன்னொரு பக்கம், மலிவான இங்கிலாந்து இரும்பு வந்து குவிந்ததில் உள்ளூர்க் கொல்லர்களின் உலைகளும் ஒவ்வொன்றாக அணைந்தன.

ஹீத்தின் யோசனையால் ஷெஃபீல்டு முதலாளிகள் சம்பாதித்தார்கள், அவருக்குக் கிடைத்தது வழக்குச் செலவு. ஆனாலும் அவர் பெயராவது உலோகவியல் புத்தகங்களில் இருக்கிறது. அவருக்கு எஃகு செய்யும் விதத்தைக் காட்டிய சேலத்துக் கொல்லர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.