தன் உடலில் முதல் ஊசி

காலரா என்றால் இன்றைய இளைஞனுக்கு அது வெறும் சொல். தாமிரபரணிக் கரையில் வாழ்ந்த நம் பாட்டன்மார்களுக்கோ அது எமனின் மறுபெயர்! குளித்ததும் குடித்ததும் ஒரே ஆற்று நீர். அதில் நோய் கலந்தால் தெருவே காலி! அம்மனின் கோபம் என்று அழுததன்றி அவர்கள் வேறு வழி அறியார்.

அந்த எமனை எதிர்க்க ஊசியோடு இந்நாட்டுக்கு வந்தவர் வால்டெமார் ஹாஃப்கின். 1860இல், அன்றைய ருஷ்யப் பேரரசின் ஒடெஸ்ஸா நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஜார் ஆட்சியை எதிர்த்த இளைஞர்களோடு சேர்ந்தார், சிறை கண்டார். மதம் மாறினால் பதவி என்றார்கள், மாட்டேன் என்றார். இரத்தத்தின் வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கி உடலைக் காப்பதைக் கண்டறிந்த மெச்னிகோவ் அவருடைய ஆசான். பகைவனை முன்கூட்டியே அடையாளம் காட்டிவிட்டால் உடலின் காவற்படை ஆயத்தமாகிவிடும். தடுப்பூசியின் தத்துவம் இதுதான், தோழர்களே!

பாரிஸில் பாஸ்டர் நிலையத்தில் நூலகராக வேலை பார்த்துக்கொண்டே காலரா மருந்தைக் கண்டார். யாருக்கு முதலில் போட்டார்? ஏழைக்கா? அடிமைக்கா? இல்லை! 1892 ஜூலை 18 அன்று தன் உடலிலேயே செலுத்திக்கொண்டார். 1893இல் கல்கத்தா வந்தார். சேரிகளிலும், நம் மாஞ்சோலையில் உழைத்தவர்களைப் போன்ற அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக் கூலிகளிடையிலும் ஊசி போட்டார். 1896இல் பம்பாயைப் பிளேக் சூறையாடியது. ஒரே அறையில் இரவு பகலாக உழைத்து மருந்து கண்டார். 1897 ஜனவரி 10 அன்று, மறுபடியும் முதல் ஊசி அவர் உடலில்தான்!

கிடைத்த பரிசு என்ன? 1902இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் இரணஜன்னியால் மாண்டனர். பழி முழுவதும் ஹாஃப்கின் தலையில்! ஆய்வுக்கூடம் பறிபோயிற்று. குப்பியைத் திறந்த இடத்தில், தரையில் விழுந்த இடுக்கியால்தான் நஞ்சு புகுந்தது என்று ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் வாதாடினர். 1907இல்தான் ஆங்கில அரசு பழியை நீக்கியது. கல்கத்தாவில் வேலை கொடுத்தது. பம்பாய் ஆய்வுக்கூடத்தையோ திருப்பித் தரவில்லை.

1925இல் அந்த ஆய்வுக்கூடத்துக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது. 1930இல் சுவிட்சர்லாந்தில் மறைந்தார்.

விபத்து நேர்ந்தால் மேலே இருப்பவன் தப்பிக்கொள்வதும், உழைத்தவன் தலையில் பழி விழுவதும் ஆலைத் தொழிலாளிக்குப் புதிதல்ல. விசாரணை வேண்டும், அதுவும் நேர்மையான விசாரணை வேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான். ஊரார் உடலில் ஊசி ஏற்றுமுன் தன் தோளைக் காட்டிய அந்த மனிதரின் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்!