தொழில்முனைவிற்கு இலக்கணம் வகுத்த சும்பீட்டர்

நிலம், உழைப்பு, மூலதனம் ஆகிய உற்பத்திக் காரணிகளைப் பொருளியல் பயிலும் மாணவர் யாவரும் அறிவர். இம்மூன்றையும் ஒன்று சேர்த்து, அதுவரை உலகில் இல்லாத ஒன்றை உருவாக்கிக் காட்டும் மனிதன் யார்? அவனை இயக்குவது எது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதையே தம் புலமை வாழ்வின் பெரும்பணியாகக் கொண்டவர் பேரறிஞர் ஜோசப் சும்பீட்டர். தொழில்முனைவோரைப் பற்றி எழுதிய அவர், தாமே தொழிலில் இறங்கித் தோற்றவரும் ஆவார். அத்தோல்வி விட்டுச் சென்ற கடனைப் பேனாவாலும் பேச்சாலும் அடைத்தவரும் அவரே. ஏட்டில் எழுதியதை வாழ்வு உரைத்துப் பார்த்த அவருடைய வரலாறு நம் மாணவர்கள் அறியத்தக்கது.

அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் மொராவியாப் பகுதியில், இன்று செக் நாட்டில் உள்ள டிரீஷ் என்னும் சிற்றூரில், 1883 பிப்ரவரி 8 அன்று சும்பீட்டர் பிறந்தார். தந்தை துணி ஆலை நடத்தியவர். மகனுக்கு நான்கு வயதானபோதே அவர் மறைந்தார். அன்னை ஜோஹன்னா மறுமணம் செய்துகொண்டு வியன்னாவில் குடியேறி, உயர்குடிப் பிள்ளைகள் பயிலும் தெரேசியானும் பள்ளியில் மகனைச் சேர்த்தார். வியன்னாப் பல்கலைக்கழகத்தில் 1906-இல் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார் சும்பீட்டர். பொருளியல் அந்நாளில் அங்குச் சட்டத் துறையின் ஒரு பகுதியாகவே கற்பிக்கப்பட்டது. பின்னர் எகிப்துக்குச் சென்று கெய்ரோவில் வழக்கறிஞராகப் பணிபுரிந்தார். அங்கிருந்த காலத்திலேயே எழுதி முடித்த அவருடைய முதல் நூல் 1908-இல் வெளிவந்தது.

1909-இல், இன்று உக்ரைனில் உள்ள செர்னோவிட்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். மாணவர்களுக்கு நூல்களைத் தாராளமாக வழங்க மறுத்த நூலகரோடு அவர் வாட்போர் புரிந்ததாகவும், அதன்பின் மாணவர்க்கு நூல்கள் தடையின்றிக் கிடைத்ததாகவும் அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். வாளெடுத்த முறையை நாம் ஏற்க வேண்டுவதில்லை. மாணவன் கையில் நூல் சேர வேண்டும் என்ற வேட்கையை ஏற்கலாம்.

1911-இல் கிராட்ஸ் பல்கலைக்கழகத்திற்கு மாறினார். அவருக்கு நிலைத்த புகழ் தந்த பொருளாதார வளர்ச்சிக் கோட்பாடு பற்றிய நூல் வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. தொழில்முனைவோர் செய்யும் புதுமைகளை அந்நூலில் ஐந்தாக வகுத்தார். புதிய பொருளைத் தருதல், புதிய உற்பத்தி முறையைக் கையாளுதல், புதிய சந்தையைத் திறத்தல், மூலப்பொருளுக்குப் புதிய ஊற்றைக் காணுதல், தொழிலின் அமைப்பையே மாற்றுதல் என்பன அவை. இவற்றுள் ஒன்றைச் செய்து முடிப்பவரே தொழில்முனைவோர். ஆலை உரிமையாளர் எல்லாரும் முனைவோர் அல்லர். பழைய தடத்திலேயே செல்லத் தொடங்கிய அன்றே ஒருவர் அப்பெயரை இழந்துவிடுகிறார். ஆகவே முனைவோர் என்பது பிறப்பாலோ செல்வத்தாலோ வரும் தகுதி அன்று. செயலால் மட்டுமே வருவது.

அந்நூலின் மற்றொரு கருத்தும் நம் கவனத்திற்குரியது. தொழிலில் நேரும் இழப்பின் சுமை முனைவோரைச் சார்வதில்லை, பணம் கொடுத்தவரையே சார்கிறது என்பது அவர் வாதம். முனைவோர் தம் சொந்தப் பணத்தை இட்டிருந்தால், பணத்துக்கு உடையவர் என்ற நிலையிலேயே அவர் இழப்பைத் தாங்குகிறார். ஏட்டளவில் இது நுட்பமான பாகுபாடு. அதன் பொருளைத் தம் வாழ்வில் உணரும் நாள் அவருக்கு வந்தது.

முதல் உலகப் போரில் தோற்று நலிந்திருந்த ஆஸ்திரியக் குடியரசின் நிதியமைச்சராக 1919 மார்ச்சில் பொறுப்பேற்ற சும்பீட்டர், அக்டோபரிலேயே பதவி இழந்தார். 1921-இல் வியன்னாவின் பீடர்மன் வங்கிக்குத் தலைவரானார். கடன் வாங்கியும் பல தொழில்களில் முதலீடு செய்தார். 1924-இல் வியன்னாப் பங்குச் சந்தை சரிந்தது. அவர் பணமிட்ட தொழில்கள் வீழ்ந்தன. வங்கிப் பதவியும் போயிற்று. தொழில்முனைவோரின் இலக்கணத்தை எழுதியவர் கடனாளியாக நின்றார்.

1925-இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக ஏற்றது. ஆனால் அதைவிடப் பெருந்துயர் அடுத்த ஆண்டில் காத்திருந்தது. 1926 ஜூனில் அன்னை மறைந்தார். ஆகஸ்டில் இளம் மனைவி ஆன்னி மகப்பேற்றின்போது உயிர் நீத்தார். பிறந்த குழந்தையும் பிழைக்கவில்லை. கடன் அப்படியே இருந்தது. அதைக் கைவிட்டு ஓட அவர் எண்ணவில்லை. வகுப்பு முடிந்த பின் ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றினார்; இதழ்களுக்குக் கட்டுரைகள் எழுதினார். அவ்வருவாயைக் கொண்டு கடனைச் சிறிது சிறிதாகத் தீர்த்தார். அதற்குப் பல ஆண்டுகள் ஆயின. தம் முதன்மை நூலைத் திருத்தி இரண்டாம் பதிப்பாக வெளியிட்டதும் அதே 1926-இல்தான். இழப்பின் சுமை யாரைச் சாரும் என்பதற்கு ஏடு சொன்ன விடை ஒன்று. அவர் நாணயம் சொன்ன விடை மற்றொன்று.

1932-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இறுதிவரை அங்கேயே கற்பித்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சாமுவேல்சனும் டோபினும் அவரிடம் பயின்றவர்கள். 1942-இல் வெளிவந்த நூலில், புதியது தோன்றுகையில் பழையது அழிந்தே தீரும் என்பதைப் படைப்பாக்க அழிவு என்னும் பெயரால் விளக்கினார். புதுமை காணும் பணி இனிப் பெரிய நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களுக்குச் சென்றுவிடும், தனி முனைவோரின் காலம் மங்கும் என்றும் அதில் கணித்தார். அக்கணிப்பு முழுமையாகப் பலிக்கவில்லை. 1979-இல் டேவிட் பர்ச் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு, புதிய வேலைவாய்ப்புகளைத் தருவதில் சிறுதொழில்களின் பங்கு பெரிது எனக் காட்டி அறிஞர்களின் பார்வையை மீண்டும் அத்திசையில் திருப்பியது. அவ்வாறு திரும்பியவர்கள் தேடிச் சென்றது சும்பீட்டரின் இளமைக்கால நூலையே!

1948-இல் ஹார்வர்டில் ஆர்தர் கோல் தொடங்கிய தொழில்முனைவு வரலாற்று ஆய்வு மையத்திற்கு அவர் துணை நின்றார். 1950 ஜனவரி 8 அன்று தம் அறுபத்தாறாம் வயதில் மறைந்தார். அவர் முடிக்காது விட்ட பொருளியல் ஆய்வு வரலாற்றை மனைவி எலிசபெத் அரிதின் முயன்று பதிப்பித்தார். 1954-இல் அந்நூல் வெளிவந்தபோது எலிசபெத்தும் உயிரோடில்லை.

அப்பெருநூலில் ஒரு குறை உண்டு. கிரேக்கரை அடுத்துப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ் வரை, ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளைப் பொருளியல் சிந்தனையற்ற வெற்றிடமாகவே அவர் கடந்து சென்றார். அந்த இடைவெளியில்தான் பணத்தின் பயனையும் சந்தையின் இயல்பையும் ஆராய்ந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்ற பேரறிஞர்கள் எழுதினர். கெய்ரோவில் வாழ்ந்த ஒருவருக்கே அக்கருவூலம் புலப்படவில்லை என்பது வியப்பே. பின்வந்த ஆய்வாளர்கள் அவ்வெற்றிடத்தை ஆதாரங்களோடு நிரப்பி வருகின்றனர். அரபு மூலங்களைப் படிக்கவும் பொருளியலை ஆராயவும் வல்ல இளைஞருக்கு அங்கே இன்னும் பணி உண்டு.

மாணவ நண்பர்களே, புதியது வந்து பழையதைத் திருத்தும் என்று கற்பித்த ஆசிரியரின் நூலைத் திருத்துவது அவருக்குச் செய்யும் அவமதிப்பு அன்று. தொழில் தொடங்கப் போகும் உங்களுக்கு அவருடைய ஐந்து புதுமைகள் வழிகாட்டும். தொழில் தவறினால் என் செய்வது என்பதற்கோ, கடனைத் தீர்த்து முடித்த அவருடைய வாழ்வே வழிகாட்டும்.