கால்டுவெல்லும் நெல்லைப் பேய்களும்: ஒரு வாழ்க்கைக் குறிப்பு

இராபர்ட் கால்டுவெல்லின் வாழ்க்கையை ஒப்பிலக்கணத்தின் வழியே எழுதுவது தமிழாய்வில் வழக்கமாகிவிட்டது. அவருடைய ஐம்பதாண்டுக்கால ஊழியத்தை மறித்து நின்ற சிக்கல் மொழியைச் சார்ந்ததன்று, ஆவிகளைச் சார்ந்தது. இறந்தவர் மீண்டு வருவர் என்று நம்பிய மண்ணில், இறந்தவர் மீளார் என்று கற்பித்த சமயத்தின் போதகராக அவர் வாழ்ந்தார்.

அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்று, இலண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் 1838 சனவரியில் சென்னை வந்திறங்கினார். மூன்றாண்டுகளுக்குப் பின் ஆங்கிலிகத் திருச்சபையில் இணைந்து, தெற்கு நோக்கி நெடுந்தொலைவு நடந்தே சென்று, 1841இன் இறுதியில் தேரிக்காட்டை ஒட்டிய இடையன்குடியை அடைந்தார். எலைசா மால்ட்டை 1844இல் மணந்ததும், ஊருக்குத் தெருவும் பள்ளியும் கோயிலும் அமைத்ததும் பலராலும் எழுதப்பட்டவை.

பனைத்தொழிலாளர் வாழ்ந்த அவ்வூர்ப்புறங்களில் அவர் கண்டது பீடங்களையும் பலியையும் வில்லுப்பாட்டையும் சாமியாட்டத்தையுமே. இவை குறித்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூல் 1849இல் வெளிவந்தது. வழிபடப்பட்டவற்றுள் பல, கொலையுண்டோ அகாலமாகவோ மாண்ட மனிதரின் ஆவிகள் என்பதை அந்நூல் தெளிவாகப் பதிவு செய்தது. 1809இல் திருவிதாங்கூர்க் கோட்டை அரண் தாக்குதலில் படுகாயமுற்று மாண்ட ஆங்கில அதிகாரி ஒருவருக்குச் சாராயமும் சுருட்டும் படைக்கப்பட்டதையும் அது குறித்தது. தாக்க வந்த அந்நியனும் அகாலமாக மாண்டதால் படையலுக்கு உரியவனானான். அவன் எச்சமயத்தைச் சேர்ந்தவன் என்ற கேள்வி அங்கே எழவில்லை.

இவ்விடத்தில்தான் கால்டுவெல்லின் இறையியல் இடறுகிறது. கத்தோலிக்க மரபில் இறந்தோரின் ஆன்மாக்களுக்கு உத்தரிக்கிற ஸ்தலம் என்றோர் இடைநிலை உண்டு. ஆங்கிலிகத் திருச்சபையின் முப்பத்தொன்பது கோட்பாடுகளுள் இருபத்திரண்டாவது அதை மறுக்கிறது. எனவே இறந்த மனிதனின் பேய்க்கு அச்சமயத்தில் இடமில்லை. அது வீழ்ந்த தூதனாகிய பிசாசாக இருத்தல் வேண்டும். அன்றேல் மக்களின் மயக்கமாக இருத்தல் வேண்டும். இறந்த மனிதர் என்று தாமே விவரித்தவற்றையும் கால்டுவெல் சாத்தானின் கூட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாலேயே அழைத்தார். அச்சொல்லுக்குள் சுடலைமாடன் போன்ற காவல் தெய்வங்களும் அடைபட்டன. வழிபட்டோர் தம் தெய்வத்தைச் சாமி என்றனரேயன்றிப் பேய் என்றாரல்லர்.

தமிழ் விவிலியமும் இதே நெருக்கடியைத் தன் சொற்களில் தாங்கி நிற்கிறது. கால்டுவெல் பங்கேற்றதும் ஹென்றி பவர் தலைமையில் நடந்ததுமான திருத்தப் பணி 1871இல் நிறைவான நூலாயிற்று. புரோட்டஸ்டன்ட் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய திருப்புதலில் நற்செய்தி நூல்கள் மனிதரைப் பிடிப்பதைப் பிசாசு என்கின்றன. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் பலி பெறுவதைப் பேய் என்கிறது. கிரேக்கத்தில் இரண்டிற்கும் ஒரே சொல். கடல்மேல் நடந்துவரும் இயேசுவைக் கண்டு சீடர் அஞ்சும் இடத்தில் மத்தேயு நற்செய்தியின் தமிழ் ஆவேசம் என்கிறது. உயிர்த்தெழுந்தவரைக் கண்டு அவர்கள் மருளும் இடத்தில் லூக்காவின் தமிழ் ஆவி என்கிறது. ஆவேசம் என்பது சாமியாடியின் உடலில் நிகழ்வதற்கான சொல். ஆவி என்பதோ பரிசுத்த ஆவிக்கும் அசுத்த ஆவிக்கும் பொதுவானது. இச்சொற்களுள் எதைத் தேர்ந்தவர் யார் என்பதைவிட, பலி கேட்பதற்குப் பேய் என்ற நாட்டுச் சொல்லே பொருந்தியது என்பது கருதத்தக்கது.

சிறுநூலின் விளைவு கடுமையானது. பேய்வழிபாட்டை விவரித்த அதே பக்கங்கள் அம்மக்களின் அறிவையும் பிறப்பையும் தாழ்த்திப் பேசின. நாடார் சமூகத்தினர், கிறித்தவரானோர் உட்பட, அதை அவமதிப்பாகவே கொண்டனர். அதில் பிழையொன்றும் இல்லை. மிஷனரிகளிடமிருந்து பிரிந்த சட்டாம்பிள்ளை என்னும் அருமைநாயகம் 1857இல் இந்து கிறித்தவத் திருச்சபையை நிறுவியதன் பின்னணியிலும் இக்கசப்பு இருந்தது. எதிர்ப்பு வலுக்கவே, கால்டுவெல் நூலைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டார்.

நூலை விலக்கினாலும் சான்றுகளை அவர் கைவிடவில்லை. 1856இல் வெளியான ஒப்பிலக்கணத்தின் பின்னிணைப்பில் அவை வேறு வேடம் பூண்டன. வெறியாட்டமும் இரத்தப்பலியும் பிராமணியத்தின் சிதைவல்ல, அதற்கு முந்திய திராவிடச் சமயத்தின் எச்சம் என்றார். வட ஆசியச் சாமனியத்தோடு ஒப்பிட்டு, மொழியுறவுக்கும் அதைத் துணையாகக் காட்டினார். மேடையில் கண்டித்ததை ஆய்வில் மூலமரபாக உயர்த்திய முரண் அவருக்கு உறுத்தியதாகத் தெரியவில்லை. சாமனிய ஒப்பீடு இன்று நிற்பதன்று. நாட்டார் தெய்வங்களை வேதமரபின் நிழலாகக் காணாமல் தனித்து ஆராயும் போக்குக்கோ அப்பின்னிணைப்பு ஒரு தொடக்கம்.

1877இல் அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1847இல் தொடங்கிய இடையன்குடிக் கோயில் 1880இல்தான் அர்ப்பணிக்கப்பட்டது. கொடைக்கானலில் 1891 ஆகஸ்டு 28ஆம் நாள் காலமான அவரது உடல் இடையன்குடிக்குக் கொணரப்பட்டு, அக்கோயிலின் பீடத்தின்கீழ் அடக்கம் செய்யப்பட்டது. ஒப்பிலக்கணத்தின் மூன்றாம் பதிப்பு 1913இல் வெளிவந்தபோது பண்டைச் சமயம் பற்றிய அப்பின்னிணைப்பு நீக்கப்பட்டது. பின்வந்த தலைமுறைகள் பெரிதும் படித்தது அப்பதிப்பின் வழி வந்த மறுஅச்சுகளையே.