ஜேம்ஸ் மடிசன்

பெருந்தொகையினரின் சமயத்தை அரசு பேணுவதும், ஏனையோரைப் பொறுத்துக்கொள்வதுமே நீதியென எண்ணுவார் பலர். அது நீதியாகாதென வாழ்நாள் முழுவதும் வாதாடியவர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நான்காஞ் சனாதிபதியாகிய ஜேம்ஸ் மடிசன். அவர் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மடிசன் 1751ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 16ஆந் திகதி வேர்ஜீனியாவிற் பிறந்து, பிரின்ஸ்ரனிலிருந்த நியூ ஜேர்சிக் கல்லூரியிற் கற்றார். அக்காலத்து வேர்ஜீனியாவில் இங்கிலாந்துத் திருச்சபையே அரசாங்க சமயம். பிற சபையினரும் அதற்கு வரி இறுத்தனர். அனுமதியின்றிப் போதித்த பப்திஸ்து போதகர் பலர் சிறையிலிடப்பட்டனர். மடிசன் திருச்சபைக் குடும்பத்திற் பிறந்தவர். எனினும் அயற் பகுதிச் சிறையிற் கிடந்த அப்போதகரின் துன்பம் அவருள்ளத்தைச் சுட்டது.

1776இல் வேர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனம் வரையப்பட்டது. ஜோர்ஜ் மேசன் எழுதிய வரைவு, எல்லாச் சமயத்தாரும் பொறுத்துக்கொள்ளப்படுவர் என்றது. இருபத்தைந்து வயதினரான மடிசன் அச்சொல்லை ஏற்றிலர். பொறுத்தல் ஆள்வோன் இடும் பிச்சை. இட்டவன் நாளை மீட்டுக்கொள்ளலாம். ஆதலின், மனச்சாட்சிப்படி வழிபடுதல் யாவர்க்கும் ஒப்ப உரியதென்று மாற்றுவித்தார்.

1784இற் பற்றிக் ஹென்றி என்பார், கிறித்தவ போதகர்களைப் பேணப் பொதுவரி விதிக்கும் மசோதாவை ஆதரித்து நின்றார். வரி இறுப்பவன் தன் சபையைத் தானே குறிக்கலாமாதலின், பலர்க்கு அது நேரியதாகவே தோன்றிற்று. மடிசனோ 1785இல் ஒரு விண்ணப்பம் வரைந்து எதிர்த்தார். ஏனைய சமயங்களை விலக்கிக் கிறித்தவத்தை நாட்ட வல்ல அரசு, அதனுள்ளும் ஒரு சபையை நாட்டிப் பிறவற்றை விலக்கவும் வல்லதாம் என்று காட்டினார். மக்கள் திரண்டு கையொப்பமிட்டனர், மசோதா ஒழிந்தது. தோமஸ் ஜெபர்சன் முன்னர் எழுதிவைத்த சமய சுதந்திரச் சட்டம் 1786இல் மடிசனின் முயற்சியால் நிறைவேறியது. 1791இல் நடைமுறைக்கு வந்த அரசியல் யாப்பின் முதலாந் திருத்தமும், சமயத்தை நாட்டுதலோ அதன் அனுட்டானத்தைத் தடுத்தலோ காங்கிரசுக்கு ஆகாதென விதித்தது.

1809 முதல் 1817 வரை சனாதிபதியாயிருந்த காலத்தும் அவர் கொள்கை தளரவில்லை. 1811இல், பப்திஸ்து சபையொன்றுக்கு அரசாங்க நிலம் வழங்கும் மசோதாவையும் மறுத்தார். எவர் பொருட்டு இளமையில் வருந்தினாரோ அவர்க்கும் சலுகை காட்டாமையே அவர் நடுநிலை. போர்க்காலத்திற் காங்கிரசு வேண்டப் பிரார்த்தனை நாட்களை அறிவித்தாராயினும், அரசு அவ்வாறு அறிவித்தல் தகாதெனப் பின்னர்க் குறித்துவைத்தார்.

1836ஆம் ஆண்டு யூன் மாதம் 28ஆந் திகதி அவர் இறந்தார். உரிமை பேசிய அவர் தம் அடிமைகளை விடுவியாதே இறந்தமை நீங்காத மாசாகும். அதனை மறைத்தல் சரிதமாகாது. எனினும் சலுகை வேறு, உரிமை வேறு என்று அவர் காட்டிய வேற்றுமையை மாணவர் நன்கு சிந்திப்பாராக.