மின்சாரத்திற்குக் களஞ்சியம் கண்டவர்

விளைந்த காலத்திற் சேர்த்து, விளையாத காலத்தில் உண்ணும் உழவர் வழக்கத்தை நாம் அறிவோம். மின்சாரத்தையும் அவ்வாறு சேமிக்க வழி வகுத்தவர் காஸ்டன் பிளான்டே என்னும் அறிஞர்.

இவர் 1834-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து ஓர்த்தேஸ் என்னும் ஊரிற் பிறந்தார். 1859-இல், இரண்டு ஈயத்தகடுகளை ஒன்றோடொன்று தொடாதவாறு சுருட்டி, நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தைச் செலுத்தினார். அது வேண்டியபோது திரும்பக் கிடைத்தது. பலமுறை நிரப்பியும் வடித்தும் பழக்கினால் கொள்ளளவு பெருகுவதைக் கண்டு, பொறுமையோடு உழைத்தார். எனினும் மலிவான மின்சாரம் அந்நாளில் இல்லை. நிரப்புதற்கு நெல்லில்லாத களஞ்சியம் போல, அவர் கண்ட சேமக்கலம் நெடுநாள் ஆய்வுச்சாலையிலேயே தங்கிற்று. பின்னர் டைனமோ பரவிற்று. 1881-இல் காமில் ஃபோர் தகடுகளைத் திருத்தினார். சேமக்கலம் தொழிலுலகம் புகுந்தது. 1889-இல் பிளான்டே காலமானார்.

இன்று கணினித் தரவு நிலையங்கள் சில, கட்டணம் குறைந்த வேளையிற் சேமக்கலங்களை நிரப்பி, கட்டணம் மிகுந்த வேளையில் அவற்றைப் பயன்படுத்திச் செலவைச் சுருக்குகின்றன. அவற்றுட் பல ஈயத்தை விடுத்து லித்தியத்தைக் கொண்டன, நெறியோ பழையதே. பயன் உடனே தோன்றவில்லையென்று நல்ல முயற்சியை நாம் கைவிடலாகாது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.